மறைய வேண்டிய முகம் எது?

ஈகையில் முகத்துக்கு என்ன வேலை? இக்கேள்வியை என் உள்ளத்தில் எழுப்பியது ஒரு பச்சைப் பறவை. உயிருள்ள பறவை அன்று. மனிதன் ஒருவன் தலைமுதல் கால்வரை அணிந்துகொள்ளும் வேடம்!

அமெரிக்காவில் விளையாட்டு அணிகள் பலவும் தமக்கென ஒரு வேட உருவத்தை வைத்திருக்கின்றன. ‘மாஸ்காட்’ என்பர். நற்பேறு கொணர்வது என்னும் பொருளில் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல் அது. பிலடெல்பியா நகரின் பேஸ்பால் அணியான பில்லீஸ், 1978-இல் களத்துக்குக் கொண்டுவந்த ‘பில்லி பனாட்டிக்’ என்னும் பச்சைப் பறவை இவற்றுள் பெரும்புகழ் பெற்றது. பருத்த வயிறும் நீண்ட மூக்கும் கொண்ட அது ஆடும், ஓடும், கேலி செய்யும், ஆனால் பேசாது. பேசாமை இத்தகைய வேடங்கள் பலவற்றுக்கும் பொதுவான நெறி.

டிசம்பரில் பேஸ்பால் ஆட்டங்கள் இல்லை. எனினும், அம்மாதத்து விடுமுறை நாட்களில் அணிகளின் வேடதாரிகள் ஓய்ந்திருப்பதில்லை. மருத்துவமனைகளுக்கும், வீடற்றோர் விடுதிகளுக்கும், ஏழைக் குழந்தைகள் பயிலும் பள்ளிகளுக்கும் பரிசுகளுடன் செல்கின்றனர். குழந்தைகள் ஆரவாரத்துடன் ஓடிவந்து கட்டிக்கொள்கின்றனர். நிழற்படக் கருவிகள் மின்னுகின்றன. மறுநாள் அப்படங்கள் ஊரெங்கும் பரவுகின்றன.

இது ஈகையா, விளம்பரமா?

விளம்பரமே என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அவ்வாறு தள்ள என் மனம் இசையவில்லை. உதவ வரும் மனிதனின் முகத்தில் இரக்கம் தெரியும். சில வேளைகளில் அவ்விரக்கமே பெறுவோனைச் சுடும். ‘நீ இல்லாதவன்’ என்று சொல்லாமல் சொல்லும். வேடத்தின் முகத்திலோ அது எழுதப்படவில்லை. அது அறிவுரை கூறாது, குறை விசாரிக்காது, நன்றியை எதிர்பார்த்து நிற்காது. செல்வர் வீட்டுக் குழந்தையிடம் காட்டிய அதே குறும்பை இக்குழந்தையிடமும் காட்டும். உள்ளே வியர்த்து நிற்பவனின் பெயரைக் குழந்தை அறியப்போவதில்லை. கொடுப்பவன் தன்னை மறைத்துக்கொள்வதன்றோ ஈகைக்கு அழகு!

ஆனால், கொடுப்பவனின் முகம் மறைந்திருக்கும் அதே அறையில், பெறும் குழந்தையின் முகம் வெட்டவெளிச்சமாகிறது. வறுமை அதன் குற்றமன்று. ஆயினும் படத்தில் அதுவே அதன் அடையாளமாகிவிடுகிறது. குழந்தை நாளை வளர்ந்துவிடும்; படம் வளராது.

இன்னொரு முகமும் அங்கே உண்டு. சுவரோரம் நிற்கும் தந்தையின் முகம்! தான் வாங்கித்தர இயலாத பொருளைத் தன் கண்முன்னே பிறர் தன் பிள்ளைக்குத் தருகின்றனர். அவரும் புன்னகைப்பார். அப்புன்னகையின் விலையை யார் அறிவார்?

வேறு வழி இல்லையா? உண்டு. அதே நாட்டில், வெர்ஜீனியா மாநிலத்து லின்ச்பர்க் நகரில், 1979-இல் இரட்சணிய சேனையார் ஒரு முறையைத் தொடங்கினர். வறிய குழந்தைகளின் விருப்பங்களைச் சிறு அட்டைகளில் எழுதி, மரமொன்றில் தொங்கவிட்டனர். ஓர் அட்டையை எடுப்பவர் அப்பொருளை வாங்கி ஒப்படைத்துவிடுவார். இம்முறையில் பரிசுகள் வழக்கமாகப் பெற்றோரிடமே சேர்க்கப்படுகின்றன. பிள்ளைக்குக் கொடுப்பது பெற்றோரின் கை!

இது பிள்ளையை ஏமாற்றுவதாகாதா என்று கேட்கலாம். ஆகாது. தன் இல்லாமையை ஒப்புக்கொண்டு, நாணத்தை விழுங்கி, கேட்டுப் பெற்றுச் சுமந்து வந்தவர் அத்தந்தை. அப்பரிசில் அவருடைய பங்கும் உண்டு.

ஆதலால், வேடங்கள் வரவேண்டா என்று நான் சொல்லேன். வரட்டும், வந்து விளையாட்டைத் தரட்டும். விளையாட்டைப் பெறுவதில் எவர்க்கும் தாழ்வில்லை. பொருளை மட்டும் பெற்றோரிடம் ஒப்படைக்கட்டும். படம் இல்லையேல் பணம் வராது என்பாரும் உளர். அவர்கள் அந்தப் பச்சைப் பறவையை மட்டும் படம் எடுத்துக்கொள்ளட்டுமே! படமாவதற்கென்றே செய்யப்பட்ட முகம் அன்றோ அது!

அன்றிரவு பரிசை அணைத்தபடி உறங்கும் குழந்தை, ‘இது என் வாப்பா தந்தது’ என்பதுபோலத் தன் மொழியில் எண்ணிக்கொள்ளும். பச்சைப் பறவையை, தன்னோடு விளையாட வந்த நண்பனாக நினைத்துக்கொள்ளும். இவ்விரு நினைவுகளும் கலையாமல் காப்பதே, கொடுப்போர் செய்யத்தக்க பெரிய கொடை.