தூதரகம் பரிந்துரைத்த கல்நார்

தன் நாட்டுச் சரக்குக்கு வெளிநாட்டில் சந்தை தேடித் தருவது தூதரகத்தின் முறையான வேலைதான். தூதரகப் பணிகளில் பொருளாதார உறவை வளர்ப்பதையும் 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை சேர்த்தே சொல்கிறது. கனடா 1894-லேயே ஆஸ்திரேலியாவுக்கு வணிக ஆணையர் ஒருவரை நியமித்த நாடு. ஆகவே தூதர் வியாபாரம் பேசலாமா என்பதில் விவாதமே இல்லை. தன் மக்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ள அஞ்சும் பொருளை, அந்த அச்சத்தை மறைத்து, இன்னொரு நாட்டிடம் அவர் பரிந்துரைக்கலாமா என்பதுதான் அறக் கேள்வி. கனடாவின் கல்நார் ஏற்றுமதி இதற்கு மறக்கக் கூடாத சாட்சி.

கல்நார் என்றால் நம் ஊரில் கூரைக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சிமெண்டோடு இறுகியிருக்கும் வரை அந்த நார் அடங்கிக் கிடக்கும். ஷீட்டை அளவுக்கு அறுக்கும்போதும் போல்ட் மாட்டத் துளை போடும்போதும் தூளாகப் பறக்கும். கூரைமேல் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் முகத்தில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. நுரையீரலில் தங்கிய நார் புற்றுநோயாக வெளிப்பட இருபது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகும். அதற்குள் அவர் எத்தனையோ மேஸ்திரிகளிடம் மாறியிருப்பார். யார்மேல் வழக்குப் போடுவது? கனடா தோண்டிய வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1987-க்குள்ளாகவே உறுதி செய்துவிட்டது. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் நாடாளுமன்றத்தின் மேற்குக் கட்டடத்திலிருந்து கல்நாரைப் பெயர்த்தெடுக்கும் வேலையும் நடந்தது. ஆனால் கியூபெக் சுரங்கங்களில் எடுத்தது கிட்டத்தட்ட முழுவதும் கப்பலேறியது. இந்தியா பெரிய வாடிக்கை. அரசுப் பணமும் கம்பெனிப் பணமும் சேர்ந்து நடத்திய ஓர் அமைப்பு ‘பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம்’ என்று பல நாடுகளில் பிரசாரம் செய்தது. கனடியத் தூதரகங்கள் துணை நின்றன.

உச்சம் 2011-இல் வந்தது. ஆபத்தான வேதிப்பொருள்களின் வணிகம் பற்றிய ராட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் ஒரு பொருளைச் சேர்ப்பது தடை ஆகாது. அபாயத்தை முன்கூட்டியே சொல்லி, வாங்கும் நாட்டின் சம்மதம் பெற வேண்டும், அவ்வளவே. வெள்ளைக் கல்நாரைச் சேர்க்க அந்த ஆண்டுக் கூட்டத்தில் வாங்குகிற இந்தியாவே ஒத்துக்கொண்டது. விற்கிற கனடா மறுத்தது. ஒருமித்த முடிவு வேண்டும் என்பதால் பட்டியல் அப்படியே நின்றது.

வாங்குவது இறையாண்மை உள்ள நாடு, அதன் சட்டம் அனுமதிக்கிறது, விற்பவருக்கு என்ன பொறுப்பு என்று கேட்கலாம். முடிவெடுக்கும் உரிமையை மதிப்பவர், முடிவுக்கு வேண்டிய தகவலை மறைக்க மாட்டார். மேலும், வியாபாரி தன் சரக்கைப் புகழ்ந்தால் கேட்பவர் பாதி தள்ளியே கேட்பார். அரசு முத்திரையோடு வரும் சொல்லை அப்படிக் கேட்பதில்லை. தூதரின் சொல்லுக்கு மதிப்பு அங்கிருந்துதான் வருகிறது, கடமையும் அங்கிருந்தே வருகிறது. சுரங்கத் தொழிலாளியின் பிழைப்பு என்ற வாதத்துக்குக் கனம் அதிகம். கியூபெக்கின் சுரங்க ஊர் ஒன்றுக்கு 2020 வரை ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் இருந்தது. ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு மாற்று வழி செய்யும் கடன் ஒட்டாவாவுடையது. 2012-இல் எதிர்ப்பைக் கைவிட்டபோது அப்பகுதியின் மாற்றுத் தொழில்களுக்கு ஐந்து கோடி டாலர் வரை தர அந்த அரசால் முடிந்தது. அதுவரை தள்ளிப்போட்டதன் விலை வேறு நாட்டுக் கூரைத் தொழிலாளியின் நெஞ்சில் ஏறியது.

‘நாம் விற்காவிட்டால் ரஷ்யா விற்கும்’ என்ற கணிப்பு பொய்க்கவில்லை. கனடா விலகிய பிறகும் இந்தியாவுக்குக் கல்நார் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இந்த வாதத்தால் நியாயப்படுத்த முடியாத வியாபாரம் எதுவுமில்லை. அதோடு, ரஷ்யா எதை விற்றாலும், உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்பது கனடியத் தூதரின் கையில் இருந்தது.

மேலிடத்து உத்தரவு என்பது கடைசிச் சமாதானம். இளநிலை அதிகாரி கொள்கையை மாற்ற முடியாதுதான். ஆனால் கல்நாருக்கான பிரசாரக் கருத்தரங்கில் விற்பனைப் பிரசுரத்தோடு, அதே பொருளைக் கையாளக் கனடாவில் உள்ள தொழிலாளர் பாதுகாப்பு விதிகளையும் ஒரு தாளில் அச்சிட்டு வைக்கலாமா என்று அவர் கேட்டிருக்கலாம். அதை வைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று தோன்றியிருந்தால், தலைமையகத்துக்கு அவர் எழுத வேண்டிய முதல் அறிக்கை அதைப் பற்றியதே.