கல்லுக்குத் தீட்டு உண்டா?

தீட்டு ஒரு நம்பிக்கை, அறியாமையால் வந்தது, படிப்பு வந்தால் போய்விடும் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்பிக்கை என்றால் அதற்கு ஒரு ஒழுங்காவது இருக்கணும். என் தொழிலில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

கிண்டி தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்தவன் நான். இப்போது மேற்குத் தாம்பரத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய மாவு கிரைண்டர்களைச் சரிசெய்து கொடுக்கிறேன். முடிச்சூர், பெருங்களத்தூர், சேலையூர் என்று பல பக்கமிருந்தும் வரும். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், பேரிங், பெல்ட் மாத்தணும். மோட்டார் சுத்தாம உறுமினா பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். இதெல்லாம் வெளிவேலை. உள்வேலைன்னா கல்லுதான். வருஷக்கணக்கா அரைச்ச கல் வழவழப்பாகிவிடும். அரிசி பிடிபடாது, நேரம் கூடும், மாவு சூடாகும். உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி சொரசொரப்பைத் திரும்பக் கொண்டுவரணும். பிறகு ரெண்டு மூணு தடவை பழைய அரிசி போட்டு ஓட்டி, கல்தூளோடு கொட்டிவிடணும். மாவு படுகிற இடத்தில் என் கை படாத இடம் கிடையாது.

ஒரு வீட்டில் மெஷினைப் பூட்டிக் கொடுத்துவிட்டுத் தண்ணி கேட்டேன். தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் கப்பில் கொண்டுவந்து வாசப்படியில் வைத்தார்கள். கல்லைக் கழுவினால் தீட்டு போய்விடும், டம்ளரைக் கழுவினால் போகாதா? இது என்ன கணக்கு?

கணக்கு எளிது. கல் அவர்களுக்குத் தேவை. டம்ளர் எனக்குத்தான் தேவை. அவர்களுடைய தேவை முடிகிற இடத்தில் தீட்டு ஆரம்பமாகிறது. வேண்டும்போது நிறுத்திவைக்கத் தெரிந்தவர்களிடம் இருப்பது அறியாமை இல்லை, அதிகாரம்.

சாதி என்பது வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்று 1936லேயே அம்பேத்கர் எடுத்துக் காட்டினார். மெஷின் வந்தும் அந்தப் பிரிவினை போகவில்லை. கிரைண்டருக்குப் பேர்போனது கொங்கு நாடு. அதே கொங்கு நாட்டில், அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை 2018இல் சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். கரண்டி பிடிக்கிற கையைப் பார்த்தவர்கள், தங்கள் வீட்டுக் கல்லைக் கொத்திய கை யாருடையது என்று என்றைக்காவது கேட்டார்களா?

"அந்த மாதிரி வீட்டு மெஷின எதுக்குப்பா தொடறீங்க?" என்கிறான் என் மகன். நியாயமான கேள்வி. ஆனால் நான் மறுத்தால் இன்னொரு கை போகும், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. வாயை மூடிக்கொண்டு செய்துகொடுத்தாலோ, என் கை அங்கே இல்லை என்பதற்கு நானும் சம்மதித்த மாதிரி.

அதனால் ஒரு வழி வைத்திருக்கிறேன். மெஷினை எடுக்க வருகிறவர் கண்ணெதிரே உளுந்து போட்டு அரைத்துக் காட்டுவேன். வடைக்கு மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டாம். என் வீட்டம்மா சுட்டுக் கொடுப்பார். "கல்லு எப்படி இருக்குன்னு சாப்பிட்டுப் பாத்து சொல்லுங்க" என்பேன். சிலர் சாப்பிட்டு, இன்னொன்று கேட்பார்கள். சிலருக்கு அன்றைக்குத்தான் விரதம் வரும். யாரையும் வற்புறுத்துவதில்லை. திருத்துவதும் என் நோக்கமில்லை. மறைவாக நடப்பதை என் முகத்துக்கு நேரே செய்யட்டும், அவ்வளவுதான்.

இதனால் வேலை கொஞ்சம் குறைந்திருக்கிறது. விரதக்காரர்கள் அடுத்த தடவை வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள். போகட்டும். அந்த ஆளும் தண்ணி கேட்பார் இல்லையா?