விலக்கலும் நிலைநிறுத்தலும்

பள்ளியிலிருந்து நிரந்தரமாக விலக்கப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் ஆற்ற வேண்டிய கடமை யாது? இவ்வினா நம் இல்லங்களுக்கு அயலானது என்று எண்ணுதல் பிழையாகும். வந்தவாசி, திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து தொழில் நாடி வந்து, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் குடியேறிய நம்மவர் இல்லங்களிலும் இத்துன்பம் நேர்வதுண்டு. வெளியே சொல்லப்படுவதுதான் இல்லை.

நாம் அறிந்த ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். தந்தை திருவொற்றியூர்ப் பக்கத்து ஆலையொன்றில் ஷிப்டு முறையில் பணிபுரிபவர். எட்டாம் வகுப்பில் பயின்ற மகன், உடன் பயிலும் மாணவனை அடித்துக் காயப்படுத்திவிட்டான். இரவுப் பணி முடிந்து, உறங்காத கண்களோடு தந்தை பள்ளிக்குச் சென்றார். 'எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்கிறோம்' என்று எழுதிய தாளில் அவரிடம் கையொப்பம் கேட்டார்கள். நாணம் தாங்காமல் இட்டுவிட்டார். அன்று முதல் வீட்டில் எவரும் அப்பிள்ளையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு திங்களுக்குள் அவன் லாரிப் பட்டறையொன்றில் எடுபிடியாக நின்றான். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை அவ்வாறு வேலைக்கு வைப்பது 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி குற்றம் என்பதைப் பட்டறைக்காரரும் எண்ணவில்லை, பெற்றோரும் எண்ணவில்லை.

பள்ளி ஒருமுறை விலக்கியது. வீடு மறுமுறை விலக்கியது. இவ்விரண்டில் எது கொடிது?

ஊரிலிருந்து வந்த பெரியப்பா அவனை அருகில் அமர்த்தி, "என்னப்பா நடந்தது?" என்று கேட்டார். அதுவரை எவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அவன் அடித்தது உண்மை. அடிபட்டவன் பல நாள்களாக அவன் தந்தையின் தொழிலை இகழ்ந்து வந்ததும் உண்மை. பெரியப்பா இரண்டாவது உண்மையைக் கொண்டு முதல் உண்மையை மறைக்கவில்லை. பிள்ளையை அழைத்துக்கொண்டு அடிபட்டவன் இல்லம் சென்று பொறுத்தருள வேண்டினார். பின்னர் மாநகராட்சிப் பள்ளியொன்றில் அவனைச் சேர்த்தார். உண்மையைக் கேட்டறிதல், தவற்றை ஏற்கச் செய்தல், கல்வி அறுபடாமல் காத்தல் என்னும் மூன்று கடமைகளும் அவர் செயலில் அடங்கியுள்ளன.

மூன்றாவது கடமைக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும் வரை எப்பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றலாகாது என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 5, 8ஆம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்க இடமளித்தது, வெளியேற்றுவதற்கு இடமளிக்கவில்லை. அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணமாகக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கலாகாது என்பது 5ஆம் பிரிவு. உள்ளாட்சி அதிகாரியிடம் எழுத்து மூலம் முறையிட்டால் மூன்று திங்களுக்குள் முடிவு கூறவேண்டும் என்பதும், அதன் மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் 32ஆம் பிரிவு. ஆதலின், 'சொந்த விருப்பம்' என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையொப்பமிடலாகாது. விலக்கும் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இத்தடை இல்லாவிடினும், வேறு பள்ளியும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் உள்ளன.

தக்க காரணமின்றி விலக்கப்பட்டால் பெற்றோர் உறுதியாகவும் நிற்கலாம். கேரளத்தில் 1985ஆம் ஆண்டு, நாட்டுப்பண்ணுக்கு மரியாதையுடன் எழுந்து நின்றும், தம் சமய நம்பிக்கையின் காரணமாக அதைப் பாடாதிருந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவர்களை மீண்டும் சேர்க்குமாறு 1986 ஆகஸ்டு மாதம் தீர்ப்பாயிற்று.

ஈண்டு நம்மவர் சிந்திக்கவேண்டிய ஒன்றுண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டு மற்றோர் அமர்வு அத்தீர்ப்பைப் பற்றி ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வின் ஆய்வுக்கு வைக்கப் பரிந்துரைத்தது. சமணரும் 2014 முதல் தேசிய அளவில் சிறுபான்மையினரே. எனவே நம்மவர் நடத்தும் பள்ளிகளுக்கும் அவ்விலக்கு உண்டு. சட்டம் கட்டுப்படுத்தாத இடத்தில் நம்மைக் கட்டுப்படுத்துவது எது?

தத்துவார்த்த சூத்திரம் துறவியர் தவறினால் மேற்கொள்ளும் பிராயச்சித்தங்களை ஒன்பதாக வகுக்கிறது. தவற்றைக் குருவிடம் எடுத்துரைக்கும் ஆலோசனை முதலாவது. சங்கத்திலிருந்து ஒரு காலம் வரை விலக்கி வைக்கும் பரிகாரம் எட்டாவது. ஒன்பதாவது உபஸ்தாபனை, அதாவது மீண்டும் தீட்சை அளித்துச் சேர்த்துக்கொள்ளுதல். வரிசை விலக்கலோடு முடியவில்லை என்பதை நோக்குக. கடுமையான நோன்பு ஏற்ற துறவியர்க்கே மீண்டு வரும் வாயில் உண்டெனில், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதை அடைத்தல் எங்ஙனம் தகும்?

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஸ்திதிகரணம் ஒன்று; வழுவியவரை நிலைநிறுத்துதல் என்பது அதன் பொருள். அதற்கு எடுத்துக்காட்டாய் விளங்குபவர் வாரிசேண முனிவர். பன்னிரண்டு ஆண்டுகள் துறவில் இருந்தும் இல்லத்தையே எண்ணி ஏங்கிய தோழரை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. தாம் துறந்து வந்த அரண்மனைக்கே உடன் அழைத்துச் சென்று, அங்கிருந்த செல்வத்தைக் காட்டி, அவர் தாமே உணர்ந்து தெளியச் செய்தார்.

உடன் செல்லுதலே பெற்றோர்க்கு உரிய அறம். அடிபட்ட பிள்ளையின் வீட்டு வாசலுக்கும், கல்வி அலுவலகத்திற்கும், புதிய பள்ளியின் முதல் நாளுக்கும் தாயோ தந்தையோ உடன் செல்லவேண்டும். அதற்கு ஒரு நாள் கூலி போகலாம். உறவினர் நடுவே தலை குனிய நேரலாம். இவை பெரிய இழப்புகளே. ஆயினும் பிள்ளையை இழப்பதினும் பெரியவை அல்ல.

மேற்கூறிய பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு முடித்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் பயில்கிறான். தந்தை இன்னும் ஷிப்டு பணிக்கே செல்கிறார். இருவரும் ஒருங்கே அமர்ந்து உண்ணும் வேளைகள் மிகச் சிலவே. அவ்வேளைகளில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.