மேடையேறும் இசை

சென்ற தவணையில் தரம் 10 மாணவருக்குக் கட்டுரைப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்த ஒருவன் தன்னை மறந்து ஏதோ மெட்டை முணுமுணுத்தான். சினிமாப் பாட்டென்று எண்ணிக் கேட்டேன். “இல்லை சேர், இது ‘டெற்றிஸ்’ விளையாட்டின் இசை” என்றான். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது சங்கீத ஞானமுள்ள நண்பர் ஒருவர் முகஞ்சுளித்தார். இயந்திர இரைச்சலையும் இசையென்னும் காலம் வந்துவிட்டதே என்பது அவர் கவலை.

அவர் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. கணினி விளையாட்டின் இசை விற்பனைக்கென ஆக்கப்படுவது. ஆடுபவன் கருவியைக் கீழே வைத்துவிடாதபடி சுழன்று சுழன்று ஒலிப்பது. ஆயினும், ஒரு பயன் கருதிப் பிறந்தமையாலேயே இசை இழிந்ததாகிவிடும் என்றால் தாலாட்டையும் ஒப்பாரியையும் என் செய்வது? சுவாமி வீதியுலா எழுந்தருளும்போது வாசிக்கப்படும் மல்லாரியைத்தான் என் செய்வது?

உலகமோ நண்பரின் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. 1987 இலேயே யப்பானில் ‘டிராகன் குவெஸ்ற்’ விளையாட்டின் இசை கச்சேரி மண்டபம் ஏறியது. 2011 இல், கிறிஸ்ரோபர் ரின் விளையாட்டொன்றுக்காகச் சுவாகிலி மொழியில் அமைத்த ‘பாபா யேத்து’ கிராமி விருது பெற்றது. 2021 இல் ரோக்கியோ ஒலிம்பிக் தொடக்கவிழாவில் பன்னாட்டு வீரரும் விளையாட்டுகளின் இசைக்கே அணிவகுத்தனர். 2023 முதல் கிராமியில் இதற்கெனத் தனிப் பிரிவும் உண்டு.

ஆகவே இது இசையா என்ற வழக்கு முடிந்துபோன வழக்கு. என்னை உறுத்தும் வினா வேறு. ஒரு கலை மேடையேறும்போது அதனை ஆக்கியோரும் உடன் ஏறுகின்றனரா?

என் மாணவன் முணுமுணுத்த மெட்டு ‘கொரொபெய்னிக்கி’ என்னும் ருஷ்ய நாட்டார் பாடலுக்குரியது. ‘தலைச்சுமை வியாபாரிகள்’ என்பது அதன் பொருள். பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்ட அதே 1861 ஆம் ஆண்டில் நெக்ராசொவ் எழுதிய நெடுங்கவிதையின் தொடக்கப் பகுதியே பாடலாயிற்று. ஊரூராய்ச் சரக்குச் சுமந்து திரியும் இரு ஏழைகள், ஈற்றில் காட்டிலே பணத்துக்காகக் கொல்லப்படுகின்றனர். கவிஞன் அதனைத் தன் நண்பனான ஓர் உழவனின் பெயர் சொல்லி அவனுக்கே படைத்தான். 1989 இல் ‘கேம்போய்’ என்னும் கைக்கருவியின் நான்கே ஒலித்தடங்களுள் அம்மெட்டை அடக்கியவர் ஹிரோகாசு தனாக்கா. 1992 இல் அதன் நடன வடிவம் பிரித்தானிய இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் ஆறாமிடத்தைப் பிடித்தது. (அவ்வாண்டில் யாழ்ப்பாணத்தார் மின்சாரமின்றிச் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டுக்கொண்டிருந்தனர், இந்தப் புகழ் நமக்குப் பிந்தி வந்ததில் வியப்பில்லை.) கோடிக்கணக்கானோர் அந்த மெட்டை அறிவர். சுமைகாரரை அறிந்தோர் எத்தனைபேர்?

தொடக்ககால யப்பானியக் கம்பனிகள் பல, இசையமைத்தோரின் இயற்பெயரைக்கூட வெளியிடவில்லை. ‘ஸ்ற்றீற் ஃபைற்றர் 2’ இன் புகழ்பெற்ற இசையில் பெரும்பகுதியை ஆக்கிய யோக்கோ ஷிமோமுரா 1991 இல் ஒரு புனைபெயருக்குள் நின்றார். டெற்றிஸை 1984 இல் மொஸ்கோவில் ஆக்கிய பஜித்னொவுக்கோ 1996 வரை அதன் வருவாயில் பங்கில்லை. இவ்விடயத்தில் சோவியத் அலுவலகமும் முதலாளித்துவக் கம்பனியும் ஒத்துப்போயின. நம்மவர் சிலருக்கு இது கசக்கும், கசக்கட்டும்.

தொலைதேசத்து அநீதியைப் பேசுவது எளிது. பெரிய மேளம் கோயிலுக்குள் ஒலித்த நம் குடாநாட்டிலே, பறை சாவீட்டுக்கு மட்டும் அழைக்கப்பட்டது; அடித்தவர் முற்றத்துக்கு அப்பால் நிறுத்தப்பட்டார். இன்று பாடசாலை மேடைகளிலும் பல்கலைக்கழக விழாக்களிலும் பறை முழங்கக் கைதட்டுகிறோம். நல்லதுதான்.

நான் அறிந்த பாடசாலையொன்றின் பரிசளிப்பு விழாவில் சென்ற ஆண்டு பறையாட்டம் முதலிடம் பெற்றது. நிகழ்ச்சி நிரலில் மாணவர் பெயர்கள் இருந்தன. பொறுப்பாசிரியர் பெயர் இருந்தது. அதிபரின் வாழ்த்தும் இருந்தது. மாலைதோறும் வந்து அடவும் அடியும் பழக்கிய முதியவரின் பெயர் இல்லை. அந்நிரலைப் பிழைதிருத்தியவன் நான். ஒற்றுப்பிழைகள் பதினொன்று கண்டேன், இப்பிழையைக் காணவில்லை.

டெற்றிஸ் மெட்டின் கதையை வகுப்பிற் கூறிய அன்றுதான் அது நினைவுக்கு வந்தது. பறையாடிய மாணவர் இருவர் அங்கே இருந்தனர். அவர் பெயர் யாதென்று வினவினேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். “நாங்கள் ‘ஐயா’ எண்டுதான் கூப்பிடுறனாங்கள், சேர்” என்றனர்.