மருந்தும் ஓர் அமானிதமே

வல்ல அல்லாஹ் மனிதனுக்கு வழங்கியுள்ள நிஃமத்துகளை எண்ணச் சொன்னால் கண், காது, கை, கால் என்று அடுக்கிக் கொண்டே போவோம். ஒரு காரியத்தைத் தொடங்கி, அது முடியும்வரை உள்ளத்தை அதிலேயே நிறுத்தி வைக்கும் ஆற்றலும் ஒரு நிஃமத்துதான் என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை. கண் இல்லாதவரைக் கண்டால் இரங்குகிறோம். கவனம் நிற்காதவரைக் கண்டாலோ சோம்பேறி என்றும், பொறுப்பற்றவர் என்றும், தொழுகையில்கூட மனம் இல்லாதவர் என்றும் தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். அவர் மருத்துவரிடம் சென்று மாத்திரை சாப்பிடத் தொடங்கினால், "இதற்கெல்லாமா மருந்து? ஈமான் உறுதியாக இருந்தால் போதாதா?" என்று கேட்கிறோம். இந்தக் கேள்வியை நிதானமாக எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

நோய் எது?

ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் சுருக்கமாக அழைக்கும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு நேற்று முளைத்ததன்று. 1902ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் எனும் குழந்தை மருத்துவர், அறிவில் குறைவில்லாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத சிறுவர்களைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். அவரே அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றுதான் வருணித்தார். மருத்துவரே அவ்வாறு சொன்ன பிறகு ஊரார் சொல்வதில் வியப்பென்ன? ஆனால் 1937ல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி, தலைவலிக்காகக் கொடுத்துப் பார்த்த ஒரு மருந்தினால் சிறுவர் பலரின் பள்ளிப்பாடம் சீர்பட்டதைக் கண்டார். வெறும் ஒழுக்கக் குறை என்றால் அது மாத்திரைக்கு வழிவிடுமா?

வளர்ந்தால் இது தானே போய்விடும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பலருக்கு அது போவதில்லை என்பது இப்போது தெளிவாகியுள்ளது. 2013ல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு வயது வந்தோருக்கெனத் தனி அளவுகோலே வகுத்தது. அதன்படி, அறிகுறிகளில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். எனவே இரவெல்லாம் கைப்பேசியைப் பார்த்துவிட்டுப் பகலில் கவனம் இல்லை என்பவர் எல்லாரும் இந்நோயாளிகள் அல்லர். இதை முடிவு செய்ய வேண்டியவர் மனநல மருத்துவரே.

தவக்குலுக்கு மாறானதா?

மருந்து உண்பது தவக்குலுக்கு விரோதமன்று என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. முதுமை தவிர மற்ற நோய்களுக்கெல்லாம் அல்லாஹ் மருந்தை வைத்துள்ளான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தொழுகையில் கவனம் பிசகுவதே பெருங்குற்றம் என்பாரும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நான்கு ரக்அத் தொழுகையை இரண்டுடன் முடித்து ஸலாம் கொடுத்து, துல்யதைன் (ரலி) அவர்கள் நினைவூட்டிய பின் எஞ்சியதை நிறைவேற்றி, மறதிக்கான சஜ்தாவைச் செய்து காட்டியவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். மறதிக்கென்றே ஒரு சஜ்தாவை வைத்துள்ள மார்க்கம் நம்முடையது.

ஆனால் இம்மருந்துகள் போதைப்பொருள்கள் அல்லவா என்ற ஐயம் நியாயமானது. வயது வந்தோருக்கு வழங்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. மூளையில் டோபமைன், நோர்-அட்ரினலின் எனும் இரசாயனங்கள் உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் சற்றுத் தங்கியிருக்கும்படி செய்வது அதன் வேலை. போதை எனும் மதுவை ஹராமாக்கிய காரணம், அது அறிவைத் திரையிட்டு மறைக்கிறது என்பதே. மருத்துவர் சொன்ன அளவில், உரிய நோயாளி உண்ணும்போது இம்மருந்து அறிவைத் திரையிடுவதில்லை. விழுந்து கிடந்த திரையைச் சற்று விலக்குகிறது. அதே மாத்திரையைக் கிளர்ச்சிக்காக அளவு மீறி உண்பவருக்கும், நோயேதுமின்றித் தேர்வுக்கு முந்திய இரவில் நண்பனிடம் வாங்கி விழுங்கும் மாணவனுக்கும் இந்த நியாயம் பொருந்தாது. பொருள் ஒன்றே, நிய்யத்தும் தேவையும் அளவும் அதன் நிலையை மாற்றுகின்றன.

கவனம் யாருடையது?

இன்னும் நுட்பமான ஒரு கேள்வி உண்டு. மாத்திரை தந்த கவனத்தோடு தொழுத தொழுகை நம்முடைய தொழுகையா? கண்ணாடி அணிந்து குர்ஆன் ஓதுபவரிடம், ஓதியது நீங்களா உங்கள் கண்ணாடியா என்று நாம் கேட்பதில்லை. மருந்து எவருக்கும் நிய்யத்தைத் தருவதில்லை. மருந்துண்டு கூர்மையடைந்த உள்ளத்தோடு ஒருவர் நான்கு மணி நேரம் புறம் பேசவும் கூடும். வட்டிக் கணக்கை வெகு கவனமாக எழுதவும் கூடும். மருந்து கதவைத் திறந்து விடுகிறது. எந்த அறைக்குள் நுழைவது என்பது அடியானின் பொறுப்பு.

பக்க விளைவு யார் தலையில்?

நம் கருத்தில் உண்மையான சோதனை இங்கேதான் தொடங்குகிறது. மருந்து கொடுப்பது போலவே எடுக்கவும் செய்கிறது. மெத்தில்ஃபெனிடேட் பசியை மந்தமாக்கும், உறக்கத்தைக் கெடுக்கும், வாயை வறளச் செய்யும், இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். அட்டமாக்ஸடின் எனும் மற்றொரு மருந்து குமட்டலையும் இல்லறத்தில் சில குறைகளையும் உண்டாக்கலாம். அரிதாகக் கல்லீரலையும் பாதிக்கலாம். அதன் முழுப் பயனும் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால், பத்தே நாளில் பலனில்லை என்று கைவிடுவோரும் உண்டு.

ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுபவரை எடுத்துக்கொள்வோம். காலையில் மாத்திரை சாப்பிடுகிறார். பகல் முழுதும் கணக்கில் பிசகில்லை. முதலாளி மகிழ்கிறார். மாலையில் மருந்தின் வேகம் இறங்குகிறது. அப்போது சிலருக்கு எரிச்சலும் சோர்வும் முன்னைவிட மிகுந்து வரும். அந்த நேரத்தில்தான் அவர் வீட்டுக்குள் நுழைகிறார். குழந்தை பாடப் புத்தகத்தோடு வருகிறது. மனைவி ஏதோ கேட்கிறாள். அவர் சீறி விழுகிறார். கணக்குப் பார்த்தால் மருந்தின் நன்மை முழுதும் கடைக்குப் போயிற்று. அதன் கசப்பு முழுதும் வீட்டுக்கு வந்தது. இது நீதியாகுமா?

இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு, அவரவர் உரிமையை அவரவருக்கு வழங்குங்கள் என்று ஸல்மான் (ரலி) அவர்கள் உணர்த்தினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அதை உண்மைப்படுத்தினார்கள். இபாதத்துக்காகக்கூட குடும்பத்தின் பங்கைப் பறிக்கலாகாது என்றால் கடைக் கணக்குக்காகப் பறிக்கலாமா?

ஆகவே மருந்துண்பவர் மருத்துவரிடம் போகும்போது வேலை எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்லி வந்தால் போதாது. மாலையில் வீட்டில் தாம் எப்படி இருக்கிறோம், இரவில் எத்தனை மணிக்கு உறங்குகிறோம், எடை குறைந்துள்ளதா என்பதையும் சொல்ல வேண்டும். இவற்றைத் தம்மைவிட நன்கு அறிந்தவள் மனைவியே; அவளையும் உடன் அழைத்துச் செல்வது அறிவுடைமை. 3, 4 மணி நேரமே நிற்கும் மாத்திரையும் உண்டு. 8 முதல் 12 மணி நேரம்வரை மெல்ல மெல்ல வேலை செய்யும் மாத்திரையும் உண்டு. அளவையும் நேரத்தையும் மாற்றினாலே பல தொல்லைகள் குறையும். வெட்கத்தால் மறைப்பவர் தமக்கு மட்டுமன்றித் தம்மை நம்பியிருப்போருக்கும் தீங்கிழைக்கிறார். மயக்கமோ நெஞ்சுவலியோ தற்கொலை எண்ணமோ ஏற்பட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

நோன்பும் பயணமும்

ரமலானில் பகலில் மாத்திரை விழுங்கினால் நோன்பு முறியும். நீண்ட நேரம் நிற்கும் மருந்தை ஸஹர் உணவுக்குப் பின் உட்கொண்டு நோன்பைத் தொடரப் பலருக்கு இயலும். ஆனால் தராவீஹும் ஸஹரும் உறக்கத்தைச் சுருக்கும் மாதத்தில், வாய் வறட்சியும் பட்டினியும் சேர்ந்தால் சிலருக்குத் தாங்காது. ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைக் கண்டு நேரத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். நோன்பு தீங்கு தரும் என்று நம்பிக்கைக்குரிய மருத்துவர் சொன்னால் ஆலிமை அணுகிச் சலுகையைக் கேட்டறிய வேண்டும். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகையை அளித்தவன் அல்லாஹ்தான். அதை ஏற்பது வெட்கமன்று. மருந்தால் பசி தெரியவில்லையே, நம் நோன்பு குறைந்ததோ என்று வருந்தவும் வேண்டாம். நோன்பின் மதிப்பு வயிற்றின் வேதனையை அளந்து தரப்படுவதன்று. எனினும் பசியை மறப்பதற்கென்றே மாத்திரையைக் கூட்டிக்கொள்வது நோன்போடு செய்யும் தந்திரமாகும்.

ஹஜ், உம்ராவுக்கோ வளைகுடாவில் பிழைப்புக்கோ செல்பவர் மற்றொன்றையும் கருத வேண்டும். இத்தகைய மருந்துகளை முன் அனுமதியின்றிக் கொண்டு செல்வது அந்நாடுகளில் குற்றமாகலாம். மருந்துச் சீட்டையும் அந்நாட்டு விதியையும் புறப்படுமுன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

மஹல்லாவாசிகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவரை நாம் ஈமான் குறைந்தவர் என்பதில்லை. அந்த மரியாதையை இவருக்கும் தருவோம். நாம் ஏசினால் அவர் மருந்தை ஒளித்து உண்பார். அல்லது கோபத்தில் நிறுத்திவிடுவார். இரண்டின் விளைவையும் அவர் வீட்டார் சுமப்பார்கள்.

உடல் அமானிதம் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்த உடலுக்குள் போகும் மருந்தும் அமானிதமே. அது தரும் நல்ல நேரத்தில் தொழுகைக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கட்டும். வல்ல அல்லாஹ் நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், அவர்களோடு வாழ்வோருக்குப் பொறுமையையும், நம் அனைவருக்கும் நீதியான உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.