எறும்பைக் கொல்வது பாவமா?

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் இன்றும் அரிசி மாவில்தான் கோலம். எறும்பு தின்னட்டும் என்பாள் அம்மா. வடிவுடையம்மனைப் பாடிய வள்ளலார் வலியுறுத்திய ஜீவகாருண்யம் எனக்கு அந்த வாசலில்தான் அறிமுகமானது.

அதனால்தான் 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலையிலிருந்து வந்த செய்தி என்னை உலுக்கியது. மஞ்சள் பைத்தியக்கார எறும்பு என்ற இனம் அடிவார ஊர்களில் பெருகிவிட்டது. கடிக்காது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். ஆடு மாடுகளின் கண் பாழானதாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள்.

இதே எறும்பு பரங்கிப் பூவுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று கேரளத்தில் ஆராய்ந்து 2017-ல் எழுதியிருக்கிறார்கள்: தேனீ வரத்து குறைகிறது. பரங்கிக்கு ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் காம்போரத்தில் குண்டுமணி போலப் பிஞ்சு இருக்கும்; மகரந்தம் வந்து சேராவிட்டால் வெம்பி உதிர்ந்துவிடும். (மார்கழியில் சாணிப் பிள்ளையாருக்கு ஆண் பூவைத்தான் பறிக்கவேண்டும் என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்வார்.)

அப்படியானால் எறும்பைக் கொல்வது பாவமா, விட்டுவைப்பது பாவமா?

அந்த எறும்பு வெளியிலிருந்து வந்தது என்பதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். கப்பலையும் ஆலையையும் நம்பி எங்கிருந்தெல்லாமோ வந்தவர்களால் ஆனது இந்த வடசென்னை. அந்த எறும்பின் பூர்வீகம் ஆப்பிரிக்காவா ஆசியாவா என்றே விஞ்ஞானிகள் இன்னும் முடிவு செய்யவில்லை. பசிக்குத் தின்னும் உயிருக்குப் பாவம் ஒட்டாது. மண்ணோடும் சரக்கோடும் அதைத் தேசம் தேசமாகச் சுமந்தவன் மனிதன். வினை செய்தவனையே சேரும் என்றால், இந்த வினை நம் கணக்கில்தான் ஏறும்.

ஆகவே, தேனீக்கு இடமே இல்லாமல் போகும் இடத்தில் எறும்பைக் கட்டுப்படுத்துவது ஜீவகாருண்யத்துக்கு விரோதம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கண்டபடி மருந்து தெளித்தால் தேனீயும் சாகும். வருமுன் தடுப்பதே குறைந்த இம்சை. வேறு பூச்சிகள் விஷயத்தில் அப்படித் தடுப்பதை எங்கள் பக்கத்திலேயே பார்க்கலாம்.

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்கள் ஏற்றி வரும் சரக்கின் அடியில் மரப் பேலட் இருக்கும். வெளிநாடு போய்வரும் பேலட்டில் கோதுமைக் கதிர் முத்திரையும் பெரும்பாலும் 'எச்.டி.' (HT) என்ற எழுத்தும் பதிந்திருக்கும். மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து, துளைக்கும் பூச்சிகளைக் கொன்றதற்கு அடையாளம் அது. அதுவும் கொலைதான். அந்தப் பூச்சிகள் பரவி ஒரு காட்டையே பிறகு கொளுத்த நேராமல் இருக்க, இந்தக் கொலையை நான் ஏற்கிறேன்.

சரக்கு யார்டில் வேலை பார்க்கும் தம்பிகளே, முத்திரை இல்லாத பேலட் வந்தால் சும்மா விடாதீர்கள், மேலே சொல்லுங்கள். வெளியூரிலிருந்து தொட்டிச் செடி வாங்கி வருகிறவர்கள், மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.