அடைப்பதற்கு முன்

சென்னையில் 1996 வரை மாநகராட்சி பிடித்துச் சென்ற தெருநாய்கள் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டன. கொல்ல வேண்டாம், கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போதும் என்று 1964 முதலே மன்றாடியது, விமானி வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ். அந்தக் குரல் காதில் விழ முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

இப்போது பேச்சு காப்பகங்களைப் பற்றி. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களில் திரியும் நாய்களை அங்கே அனுப்பும்படி 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நெரிசலான கூண்டில் பார்வோ வைரஸ் குட்டிகளை வாரிக்கொண்டு போகும். புதிதாக வரும் நாயைத் தனியே வைத்துப் பார்க்க அறை, கால்நடை மருத்துவர், அன்றாடம் கழுவிய தரை, ஓடித் திரியக் கொஞ்சம் திறந்தவெளி: இவ்வளவுக்கும் உள்ளாட்சிகள் பணம் ஒதுக்கிய பிறகுதான் நாய் பிடிக்கும் வண்டி கிளம்ப வேண்டும்.